எடுத்துக்கொடுக்கும் கை

எங்கள் வீட்டுச் சுவருக்கு நோய் சிமெண்டால் வந்தது.

திருவிடைமருதூருக்கும் ஆடுதுறைக்கும் இடையில் ஒரு தெருவில் என் கணவரின் தாத்தா கட்டிய வீடு அது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று நேராக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சுவரெல்லாம் சித்துக்கல். மெல்லிய அந்தச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிச் சுண்ணாம்பாலேயே பூசியிருந்தார்கள். தொண்ணூறுகளில் கூடத்துச் சுவரின் கீழ்ப்பகுதி பொரிந்து உதிரத் தொடங்கியது. அப்போது வந்தவர்கள் இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள். சில வருஷம் வழவழவென்று இருந்தது. பிறகு சிமெண்ட் முடிகிற கோட்டுக்கு மேலே, நெஞ்சுயரத்தில், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. விரலால் தேய்த்தால் செம்பொடி கொட்டியது.

அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்க எதுவும் வைக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் ஏராளம். ஏறிய ஈரம் அதன் வழியாகக் காற்றில் காய்ந்துவிடும். சிமெண்ட் பூச்சு இறுகியது. அதற்குள் அகப்பட்ட ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் உயரம் தேடிப் போகும். கூடவே கரைந்து வரும் உப்பு, ஈரம் காய்கிற இடத்தில் படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே உடைத்துத் தள்ளும். இதைப் புரிந்துகொள்ளாமல் டெல்டா முழுக்க எத்தனையோ பழைய வீடுகளுக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டே இருக்கிறார்கள். உதிர்ந்தால் மறுபடி சிமெண்ட். அதுவும் உதிர்ந்தால் டைல்ஸ். சுவர் உள்ளுக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கும்.

மாமனார் காலமான பிறகு, தஞ்சாவூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்கள் இங்கே வந்தோம். என் கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறார். நான் கணக்கு டீச்சர். மகள் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். வீட்டை இடித்துவிட்டு காங்கிரீட்டில் கட்டச் சொல்லாத உறவினர் இல்லை. என் கணவருக்கு அதில் மனமில்லை. எனக்கும்தான். அவரிடம் லாரி பேக்கரின் சிறு புத்தகங்கள் இருந்தன. இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர், செலவைக் குறைத்து வீடு கட்டும் வழிகளைத் தன் கையாலேயே படம் வரைந்து, தன் கையெழுத்திலேயே எழுதி வைத்திருந்தார். இருக்கிற சுவரை மதிக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு அங்கிருந்து வந்தது.

2020 மார்ச்சில் ஒரு கொத்தனாரை வைத்து, கூடத்துச் சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்தோம். செங்கல் தெரிந்தது. அந்த மாதம் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்துவிட்டது. கொத்தனார் வேறு மாவட்டத்துக்காரர். சொந்த ஊரிலேயே தங்கிவிட்டார். எலும்பு தெரிய நிற்கும் சுவரோடு நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம். எனக்குப் பள்ளி இல்லை. அவருக்கு வங்கியில் பாதி நாள் வேலை. நாமே செய்வோம் என்று அப்போதுதான் முடிவு செய்தோம்.

ஆரம்பத்தில் வேலை எப்படிப் பிரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். யாரும் பேசி வைக்கவில்லை, தானாகப் பிரிந்தது. அவர் உளியையும் சுத்தியலையும் எடுத்தார். நான் ஏணியைப் பிடித்தேன். அவர் இடிந்த மூலைகளைச் செதுக்கினார். நான் குப்பையை அள்ளினேன். "அந்த ரசமட்டத்தை எடு", "தண்ணி கொண்டா", "இந்தப் பக்கம் வெளிச்சம் காட்டு." மாலையில் அவர் செய்த வேலை சுவரில் தெரிந்தது. நான் செய்த வேலை எங்கும் தெரியவில்லை; குப்பை அள்ளிய தரை வெறும் தரையாகத்தான் இருந்தது. ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன்: "என்னங்க, நான் இந்த வீட்டுல எடுத்துக்கொடுக்கிற ஆள் இல்ல. நாளைக்கு உளியை நான் எடுக்கிறேன். ஏணியை நீங்க பிடிங்க."

அவர் மறுக்கவில்லை. ஆனால் அவருக்குள் ஒரு திகைப்பு இருந்தது என்பது எனக்குத் தெரியும். தன் கையில் கருவியும் என் கையில் துடைப்பமும் இருந்ததை அவர் கவனித்திருக்கவே இல்லை. அவர் பொல்லாதவர் இல்லை, நல்ல மனிதர். அப்படித்தான் வீடுகளில் வேலை பிரிகிறது. அவருடைய அப்பா பல்பு மாற்றினால் அத்தை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். என் அப்பா ஆணி அடித்தால் அம்மா ஆணி டப்பாவோடு நிற்பார். அன்றிலிருந்து ஒரு நாள் அவர் கையில் கருவி, மறுநாள் என் கையில் என்று வைத்துக்கொண்டோம். சண்டை குறையவில்லை. சண்டையின் விஷயம் மாறியது. யார் செய்வது என்பது போய், எப்படிச் செய்வது என்பதில் வந்து நின்றது.

எப்படிச் செய்வது என்பதுதான் எங்களுக்குத் தெரியவே இல்லை. சுண்ணாம்புப் பூச்சு பற்றிப் படித்திருந்தோம். படித்தது கைக்கு வரவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா இருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சித்தாள் வேலை. ஊரடங்கில் கட்டட வேலை நின்று, வருமானம் இல்லாமல் இருந்தார். கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்ததும், கலவை போட்டுக்கொடுக்க வருவாரா என்று கேட்கப் போனேன். வந்தார். கொத்தி விட்ட சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல ஈரம் உள்ளாரவே நிக்குது. ஒரு மாசமாச்சும் சும்மா காய விட்டீங்களா?"

காய விட்டிருந்தோம், ஊரடங்கின் புண்ணியத்தில்.

"அப்ப சரி. சிமெண்டு வேணாம்ல? எங்க மாமியாரு காலத்துல செஞ்ச மாதிரி காரைதானே? கடுக்கா இருக்கா?"

தமிழ்நாட்டில் எந்தக் கட்டட வேலையிலும் பெண்கள் இருப்பார்கள். மணல் சலிப்பது, கலவை போடுவது, சாந்துச் சட்டியைச் சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டு சாரம் ஏறுவது எல்லாம் அவர்கள் வேலை. எந்தக் கலவைக்கு எவ்வளவு தண்ணீர், எந்த மணலில் களிமண் இருக்கிறது, எப்போது சாந்து செத்துப்போகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் கொத்துக்கரண்டி அவர்கள் கைக்குப் போவதில்லை. இருபது வருஷம் வேலை செய்தாலும் பெண் சித்தாள்தான். நேற்று வந்த பையன் மூன்று வருஷத்தில் கொத்தனாராகி அவரைவிடக் கூடுதல் சம்பளம் வாங்குவான். இதை ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்கும் அதுவரை அது ஒரு செய்தியாகவே படவில்லை. கூடத்துச் சுவரடியில் உளியோடு உட்கார்ந்திருந்தபோது உறைத்தது.

அந்த அக்காதான் எங்களுக்கு ஆசிரியர்.

முதல் பாடம் சுண்ணாம்பு நீற்றுவது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் 900 டிகிரி வாக்கில் சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். கொல்லையில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். மகளைக் கொல்லைப் பக்கமே விடவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டோம். கைக்கு ரப்பர் உறை. உறையின் விளிம்புக்கு மேல் தேங்காய் எண்ணெய். குழி அடங்கிய பிறகு மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தோம். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. எடுக்கும்போது வெண்ணெய் பதத்தில் இருந்தது.

கடுக்காயை உடைத்து, வெல்லத்தோடு ஒரு அண்டாத் தண்ணீரில் ஊறப்போட்டோம். சில நாளில் நுரைத்துப் புளித்த வாடை வீடெங்கும் அடித்தது. அதை வடிகட்டித்தான் கலவைக்கு ஊற்ற வேண்டும். அது சாந்தைச் சட்டென்று இறுகவிடாமல் பிடித்து, பூச வசதியாக வைக்கும்; காய்ந்த பிறகு உறுதியும் தரும். கோயில் திருப்பணிகளில் இன்றும் இந்த முறை இருக்கிறது. 2012 ஜனவரியில் தீயில் எரிந்த சென்னை சேப்பாக்கம் கலச மகாலைப் பின்னால் மீட்டெடுத்தபோதும் சுண்ணாம்புக் கலவைதான் பயன்பட்டது. பெரிய கட்டடங்களுக்கு நிபுணர்கள் இதைத் தேடிப் போகிறார்கள். எங்கள் தெருவில் அது ஒரு சித்தாள் அக்காவின் நினைவில் இருந்தது.

அத்தைக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. மகன் முட்டிவரை சுண்ணாம்போடு நிற்பதைத் தெருவில் போகிறவர்கள் பார்ப்பது அவருக்குச் சங்கடம். "தம்பி, வாசக் கதவைச் சாத்திட்டுச் செய்யேன்" என்றார். சின்ன மாமனார் ஃபோனில் கேட்டார்: "ஏன், ஆளுக்கா பஞ்சம்? ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க." அந்தக் கேள்வியின் அடியில் பழைய விஷயம் ஒன்று கிடக்கிறது. சுண்ணாம்பைத் தொடுகிறவர் ஒருவர், மரத்தைத் தொடுகிறவர் ஒருவர், தொடாமல் உட்கார்ந்து கூலி கொடுக்கிறவர் ஒருவர் என்று பிறப்பாலேயே பிரித்துவைத்த ஊர்கள் எங்களுடையவை. படித்தவன் கையில் அழுக்குப் படக்கூடாது என்பது அதன் மிச்சம். வீட்டைத் தாங்கி நிற்கும் வேலையைக் கேவலம் என்று நினைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள்ளேயே எப்படி வாழ்வது என்பது எனக்குப் புரியவில்லை. இதைச் சின்ன மாமனாரிடம் சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அத்தையை மாற்றியது கடுக்காய் வாடை. அண்டாவைத் தாண்டிப் போனவர் நின்றார். தன் அப்பா வீடு கட்டும்போது, வட்டமாக வெட்டிய பள்ளத்தில் மாட்டைப் பூட்டிக் கல் உருளையைச் சுற்றவிட்டுக் காரை அரைத்ததைச் சொல்ல ஆரம்பித்தார். மாட்டுக்குப் பின்னாலேயே ஒரு அம்மாள் மண்வெட்டியோடு நடந்து, ஒதுங்கும் காரையைத் திரும்பத் திரும்ப உருளைக்கு அடியில் தள்ளிக்கொண்டே போவாராம். அந்த அம்மாள் எந்த ஊர், யார் என்று அத்தைக்குத் தெரியவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

பூச்சின் முதல் நாள் கரண்டி என் கையில். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. சுவரை நன்றாக நனைத்துவிட்டு, கரண்டியால் வீசி அடிக்க வேண்டும். என் மணிக்கட்டுக்கு அந்த வீச்சு வரவில்லை. பாதிச் சாந்து தரையில் விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "இப்படிக் குடும்மா" என்று கரண்டியை வாங்கினார். முதல் வீச்சே ஒட்டியது. இரண்டாவது அதன் ஓரத்தைச் சரியாகத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தது. மட்டக்கட்டையை இழுத்தார். மணியாசுக் கட்டையால் தேய்த்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் கேட்டார், "அக்கா, இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கவா? இத்தன வருசம் பக்கத்துலயே நின்னு சட்டி தூக்கிக் குடுத்துருக்கேன். கண்ணு பாக்காமலா இருக்கும்? கையிலதான் யாரும் குடுக்கல."

அதற்குப் பிறகு கூடத்தின் நீளச் சுவர் முழுக்க அக்கா பூசியது. குட்டைச் சுவர் இரண்டையும் நாங்கள் பூசினோம். தெரிந்தவர் பார்த்தால் எது யார் வேலை என்று சொல்லிவிடலாம். அவசரமும் இருந்தது. அந்த வருஷம் மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதியே திறந்தார்கள். அதற்கு முந்தைய எட்டு வருஷமும் அந்தத் தேதிக்குப் பிறகுதான் திறந்திருந்தார்கள். ஊரே கொண்டாடியது. குறுவைக்கு நல்லது. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து மண் ஈரம் ஏறுவதற்குள் முதல் பூச்சு கொஞ்சம் பிடித்துவிட வேண்டும் என்று நாங்கள் ஓடினோம். சுண்ணாம்பு அவசரத்துக்கு இசையாது. காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித்தான் அது மறுபடி கல்லாகும். வெயில் பட்டுச் சட்டெனக் காய்ந்தால் வெடிக்கும். ஈரக் கோணிகளைத் தொங்கவிட்டு, ராத்திரி எழுந்து தண்ணீர் தெளித்தோம். அந்த முறையும் மாற்றி மாற்றித்தான். கடைசிப் பூச்சைச் சலித்த சுண்ணாம்பில் மெலிதாக இழுத்து, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து முடித்தோம். அந்தச் சுவரில் உப்பு இன்னும் பூக்கவில்லை. பூத்தாலும் அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம்.

ஜன்னல்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு எச்சரிக்கையைத் தவிர. தேக்குச் சட்டங்களின் மேல் பல தலைமுறைப் பச்சைப் பெயிண்ட் ஏறியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் போகும், தீ ஊதி உரித்தால் அதைவிடச் சீக்கிரம் என்று சொன்னார்கள். இரண்டையும் நாங்கள் செய்யவில்லை. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட்டில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அந்தத் தூசு சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மகளை அத்தையோடு பக்கத்து ஊரில் அத்தையின் தங்கை வீட்டுக்கு அனுப்பினோம். தரையில் பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தெளித்து, ஈரத்தோடேயே சுரண்டி எடுத்தோம். முகமூடி அந்த வருஷம் எல்லோர் வீட்டிலும் இருந்தது. போட்டிருந்த துணிகளைத் தனியாக அலசினோம். பழைய வீட்டை எடுத்துச் செய்யும் இளம் தம்பதிகள் இந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தால் பழைய பெயிண்ட்டைக் காய்ந்தபடி தேய்க்கவே கூடாது.

எங்களுக்குள் பெரிய சண்டை பத்தாயத்தில் வந்தது.

கூடத்தை ஒட்டிய உள்ளறையில் அது நின்றது. பலாப்பலகை, ஐம்பது கலம் கொள்ளும் என்பார் அத்தை. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும் சதுர அடுக்குகள், மூலைகளில் ஒரு பலகையின் வெட்டு இன்னொன்றில் கோத்துக்கொள்ளும், ஆணியே கிடையாது. அடியில் நெல் சரிய ஒரு சிறு வாய், அதற்கு ஏற்றி இறக்கும் பலகை. வேப்பிலையும் நொச்சியும் போட்டு வருஷத்து நெல்லை அதில் வைத்திருந்தார்கள். இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே அடித்துக் கொட்டிவிடுகிறது. நெல் களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. 1972-ல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் அந்த நிலையங்கள் வந்த பிறகு, டெல்டாவில் பத்தாயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பலவற்றைப் பிரித்து விற்றுவிட்டார்கள். பழைய சாமான் வியாபாரிகள் இன்றும் தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு வருவார்கள். பட்டணத்துச் சாப்பாட்டு மேசைகள் சிலவற்றின் பலகை எங்கள் பக்கத்துப் பத்தாயம்தான்.

எனக்குப் புத்தக அலமாரி வேண்டியிருந்தது. முன்பக்கத்தை முழுக்க அறுத்துத் திறந்து, உள்ளே தட்டு வைத்தால் அறை நிறையப் புத்தகம் வைக்கலாம். அவருக்கு அதைத் தொடவே மனமில்லை. "தாத்தா செஞ்சது" என்றார். "தாத்தா நெல்லு வைக்கச் செஞ்சாரு. நெல்லு எங்க? எலி வைக்கவா செஞ்சாரு?" என்றேன். இரண்டு நாள் பேச்சு சரியில்லை. அத்தை யார் பக்கமும் சேரவில்லை. ஊரில் வயதான தச்சர் ஒருவர் இருந்தார். கை நடுக்கத்தால் வேலையை விட்டிருந்தார். அவரை அழைத்து வந்து காட்டினோம்.

அவர் முதலில் கைவிளக்கை வாங்கி மூலைகளைப் பார்த்தார். ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் உளியால் கீறிய கோடுகள் இருந்தன: ஒன்று, இரண்டு, சாய்ந்த ஒன்று, குறுக்கே வெட்டிய இரண்டு. எந்தப் பலகை எந்த அடுக்கில் எந்தப் பக்கம் என்பதற்கான அடையாளம். பிரித்து வேறு ஊருக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டுவதற்காகவே செய்தது இது என்றார். "அறுக்க வேணாம்மா. கழட்டினாப் போதும். ஆனா எல்லா முன்பலகையும் எடுத்தீங்கன்னா பக்கப் பலகை பிடிப்பில்லாம வாய் பொளந்துரும். ஒண்ணு விட்டு ஒண்ணு எடுங்க."

அப்படியே செய்தோம். மூடிய அடுக்குகள் பெட்டியைப் பூட்டிப் பிடித்திருக்கின்றன. அவற்றில் ஜமுக்காளமும் தலையணையும். திறந்த அடுக்குகளில் புத்தகங்கள். மேல்மூடியின் பலகைகளை ரீப்பர் வைத்துத் தட்டுகளாக்கினோம். அந்த ரீப்பரையும் பத்தாயத்தில் ஆணியால் அடிக்கவில்லை. தச்சர் வஜ்ஜிரம் காய்ச்சிக் கொடுத்தார். எலும்பிலும் தோலிலும் எடுக்கும் அந்தப் பசை, சூடும் ஈரமும் பட்டால் மறுபடி இளகும். வேண்டாம் என்றால் மரத்துக்குச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம். கழற்றிய முன்பலகைகள் கோடு கீறியபடியே பரணில் இருக்கின்றன. என் மகளுக்கோ அவள் பிள்ளைகளுக்கோ நெல் வைக்க வேண்டியிருந்தால் பூட்டிக்கொள்ளலாம்.

இழைப்புளி பிடிக்க இருவருக்கும் அவரே கற்றுக்கொடுத்தார். நடுங்கும் கையால் பலகையைத் தடவி, நார் எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது என்று காட்டுவார். அந்தப் பக்கமாக இழைத்தால் சுருள் சுருளாக வரும். எதிரே போனால் பிய்த்துக்கொள்ளும். இதில் என் கணவருக்குக் கை நன்றாக வந்தது. அளந்து, நிதானித்து, ஒரே அழுத்தத்தில் தள்ளுவார். நான் வேகக்காரி. அவருடைய நிதானம் அதுவரை எனக்கு எரிச்சல் தரும் விஷயமாக இருந்தது. மரத்தில் அதைப் பார்த்தபோது அதன் மதிப்பு தெரிந்தது. உப்புத்தாள் வேலை என்னுடையது. 120, 180, 220, 320 என்று நம்பர் ஏற ஏற மரம் கண்ணாடி வழவழப்புக்கு வரும். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டிப் போகக்கூடாது. முந்தைய தாளின் கீறல் பாலிஷுக்கு அடியில் தெரியும்.

பாலிஷுக்கு அவலரக்கு. அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரந்து வைப்பதைச் சேகரித்து, உருக்கி, தகடாக்கி உடைத்தது. பெரும்பகுதி ஜார்க்கண்டிலிருந்து வருகிறது. அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் கரையும். ஐப்பசி, கார்த்திகையில் செய்யாதீர்கள் என்று தச்சர் சொல்லியிருந்தார். அடைமழைக் காற்றில் ஈரம் உள்ளே அகப்பட்டுப் பால்வெள்ளையாகப் பூத்துவிடும். தை பிறக்கக் காத்திருந்தோம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பஞ்சைத் துணியில் பொட்டணம் கட்டி, அரக்கில் தோய்த்து, நிற்காமல் இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பலகையை நான் முடிக்கும்போது பக்கத்துப் பலகையை அவர் தொடங்குவார். அந்த நேரத்தில் பேச்சே இருக்காது. ஒருவர் கை எங்கே இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தை மாதத்தில் நாங்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்ட அளவு, கல்யாணமான முதல் வருஷங்களில்கூடத் தெரிந்துகொண்டதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது கடைகளில் பியூ, மெலமைன் என்று கொடுக்கிறார்கள். தண்ணீருக்கும் சூட்டுக்கும் அவை தாங்கும். அரக்கு தாங்காது, மகள் சுடு டம்ளரை வைத்து வெள்ளை வளையம் போட்டிருக்கிறாள். ஆனால் ஸ்பிரிட் தொட்ட பொட்டணத்தை அந்த இடத்தில் மட்டும் நாலு தடவை ஓட்டினால் பழைய அரக்கு இளகிப் புதிதோடு சேர்ந்துகொள்கிறது. பியூவில் கீறல் விழுந்தால் முழுப் பலகையையும் தேய்க்க வேண்டும். சுண்ணாம்பு, வஜ்ஜிரம், அரக்கு மூன்றையும் நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான். அடுத்து வரும் கைக்கு அவை இடம் விட்டு வைக்கின்றன.

தாத்தாவின் நாற்காலிக்கு இருக்கை கிழிந்திருந்தது. பார்வையற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட தொழில்களில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதும் ஒன்று. அரசு அலுவலகங்களில் அதற்கென்றே வேலையிடங்கள் இருந்தன. அப்படி வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் என் கணவர் கற்றுக்கொண்டார். நெடுக்கு இரண்டு, குறுக்கு இரண்டு, மூலைவாட்டில் இரண்டு. ஊறவைத்த பிரம்பு காயும்போது தானே இறுகும். பின்னலை விரலால் சுண்டி, அது கொடுக்கும் ஒலியை வைத்தே எந்த வரிசை தளர்ந்திருக்கிறது என்று அந்தப் பெரியவர் சொல்லிவிடுவாராம். அந்த நாற்காலியில் இப்போது அத்தை உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

கூடத்துச் சுவரைப் பார்க்க ஊரில் பலர் வந்தார்கள். அதில் திருபுவனத்தில் பட்டு நெசவு செய்யும் ஒரு குடும்பம். அவர்கள் வீட்டிலும் இதே நோய். தறி இருக்கும் அறையில் சுவர் உதிர்ந்து நூலில் விழுகிறது. யார் பூசியது என்று கேட்டார்கள். அக்காவைச் சொன்னோம். அவர்கள் அக்காவிடம் பேசியபோது, சித்தாள் சம்பளத்துக்கு மேல் கொஞ்சம் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அக்கா கொத்தனார் சம்பளம் கேட்டார். பொம்பளைக்கு எப்படி என்று அங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். "சுவத்துக்கு அது தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பி வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து எங்களிடம் சொன்னபோது அவர் முகம் சிவந்திருந்தது. என் கணவர் அந்த வீட்டுப் பெரியவருக்கு ஃபோன் போட்டு, வேலையைப் பாருங்கள், பிறகு சம்பளத்தைப் பேசுங்கள் என்றார். நானும் பேசினேன். சில நாள் கழித்து அவர்களே வந்து, கேட்ட சம்பளத்துக்கு அழைத்துப் போனார்கள்.

அந்த வேலைக்கு அக்கா சொந்தமாகக் கரண்டி வாங்கிக்கொண்டார். சனி, ஞாயிறுகளில் நான் கூடப் போய்க் கலவை போட்டுக்கொடுத்தேன். பிறகு வந்த வேலைகளுக்கும் அவர் கேட்பது அதே சம்பளம். சிலர் கொடுக்கிறார்கள். சிலர் கேட்டுவிட்டு வேறு ஆளைப் பார்க்கிறார்கள். அந்த வேலைகளை அவர் விட்டுவிடுகிறார்.

எங்கள் அடுக்களைத் தரை இன்னும் பாக்கி. எனக்கு அது செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓடாக வேண்டும். அவருக்கு அந்தக் காலத்துச் சிவப்புத் தரை. இதில் இருவரும் அசைவதாக இல்லை. போன வாரம் அக்கா வந்து, குனிந்து, சுத்தியல் காம்பால் தரையை இடம் இடமாகத் தட்டிப் பார்த்தார். ரெண்டு இடத்தில் அடியில் உள்ள காரை விட்டுப்போயிருக்கிறது, அதை முதலில் எடுக்க வேண்டும், ஓடா சிவப்பா என்பதை அப்புறம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு, கடுக்காய்க்கு என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு போனார்.